தங்கச்சிமடத்துல கேஸ் கலன் போடலாமா? போடலாம், ஆனா உங்க கழிவு நெசமாவே கழிவுதானான்னு முதல்ல பாருங்க

தம்பி, நீங்க கேட்டது இதுதான். ராமேஸ்வரம் தீவுல இருக்குற தங்கச்சிமடத்துல சின்ன ஹோட்டல், ஒரு நாளைக்கு 30 கிலோ மாதிரி சோறு, சாம்பார், காய்கறித் தோல் மிஞ்சுது, அதுபோக மீன் வெட்டுற கழிவு ஒரு கூடை, வீட்டுல 4 மாடு. இத காத்து போகாத தொட்டியில (அதத்தான் கலன்னு சொல்றோம்) அழுக வச்சு அடுப்புக்கு கேஸ் எடுக்க முடியுமா, அது சுற்றுச்சூழலுக்கு நல்லதா இல்ல சும்மா விளம்பரமா, அப்புறம் கடல்பாசி, கருவேலம், பழைய எண்ணெய் இதுலயெல்லாம் எரிபொருள் வரும்னு சொல்றாங்களே அது உண்மையா. ஒவ்வொண்ணா சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும். நான் ராமநாதபுரம் சுத்துவட்டாரத்துல ரொம்ப வருஷமா கலன் போட்டும் போட்டதை ரிப்பேர் பாத்தும் திரியுற ஆளு, அதனால புத்தகத்துல இருக்குறதும் என் கைபட்டதும் கலந்துதான் வரும்.

வழுதூர்ல கேஸ்ல ஓடுற கரண்ட் ஸ்டேஷன் இருக்குல்ல, அங்க எரியறது பூமிக்கடியில இருந்து எடுக்குற இயற்கை எரிவாயு, அதுல பெரும்பங்கு மீத்தேன். உங்க சாணித் தொட்டியில வரப்போறதும் அதே மீத்தேன்தான், நூத்துக்கு 55, 60 பங்கு, மிச்சம் கார்பன் டை ஆக்சைடு, கொஞ்சூண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு (அழுகின முட்டை நாத்தம் வருமே அது). ரெண்டுக்கும் வித்தியாசம் அந்த கார்பன் எங்க இருந்து வந்துச்சுங்கறதுல இருக்கு. வழுதூர் கேஸ்ல இருக்குற கார்பன் கோடிக்கணக்கான வருஷமா மண்ணுக்கடியில புதைஞ்சு கிடந்தது, அத எடுத்து எரிச்சா காத்துல புதுசா சேருது. உங்க மிச்ச சோத்துல இருக்குறது போன வருஷம் நெல்லு காத்துல இருந்து இழுத்தது, எரிச்சா எங்க இருந்து வந்துச்சோ அங்கயே போகுது. "சுத்தமான எரிபொருள்"னு சொல்றதுக்கு அடிப்படை இவ்வளவுதான், ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, பின்னாடி சொல்றேன்.

முதல்ல கணக்கு. சாணி 25 கிலோ போட்டா சுமாரா 1 கன மீட்டர் கேஸ். சாப்பாட்டுக் கழிவு 1 டன் போட்டா 100 கன மீட்டர் மாதிரி, அதாவது 10 கிலோவுக்கே 1 கன மீட்டர். ஏன் சாணிக்கு கம்மின்னா, மாடு ஏற்கெனவே ஒரு தடவ வயித்துல செரிச்சு சத்த எடுத்துக்கிட்டு மிச்சத்தத்தான் நமக்கு போடுது. 1 கன மீட்டர் சாண எரிவாயு ஏறக்குறைய 430 கிராம் சிலிண்டர் கேஸுக்கு சமம். அப்போ உங்க 30 கிலோவுக்கு நாளைக்கு 3 கன மீட்டர், அதாவது 1.3 கிலோ சிலிண்டர் கேஸ் மாதிரி. 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் ஒண்ணு 15 நாள்ல காலியாகும்னா அந்த அளவு, மாசத்துக்கு ரெண்டு சிலிண்டர் மிச்சம். மாடு நாலும் நம்ம ஊரு மாடு, பகல்ல அவுத்து விட்டா மேயப் போயிரும், தொழுவத்துல கிடைக்கறது 20 கிலோ வந்தா பெருசு, அதுல முக்கால் கன மீட்டர் வரும். ஹோட்டல் மொத்தமும் இதுல ஓடும்னு யாராவது கொட்டேஷன் குடுத்தா நம்பாதீங்க. சாம்பார் அடுப்பு ஒண்ணு காலையில இருந்து ஓடும், அவ்வளவுதான், அதுவே நல்ல லாபம்.

உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சாத்தான் கலனை காப்பாத்த முடியும். காத்து போகாத தொட்டிக்குள்ள ரெண்டு கூட்டம் நுண்ணுயிரி வேலை பாக்குது. ஒரு கூட்டம் சோத்தையும் மாவையும் புளிக்க வச்சு அமிலமாக்கும், இது வேகமான கூட்டம், நம்ம தோசை மாவு வெயில் காலத்துல எப்படி பொங்குதோ அப்படி. இன்னொரு கூட்டம் அந்த அமிலத்த தின்னு மீத்தேன் விடும், இது மெதுவான கூட்டம், ரோசக்காரக் கூட்டம்னும் சொல்லலாம், கொஞ்சம் புளிப்பு கூடினா வேலைநிறுத்தம். கல்யாணச் சாப்பாடு மிஞ்சிருச்சுன்னு ஒரே நாள்ல 100 கிலோவ கொட்டினீங்கன்னா மறுநாள் கேஸ் நிறைய வரும், ஆனா பத்த வச்சா எரியாது, ஏன்னா அது முக்காவாசி கார்பன் டை ஆக்சைடு. அப்போ தீனிய நிறுத்திட்டு ஒரு வாரம் சும்மா விடணும், கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணி, ரெண்டு கூடை புதுச் சாணி, திரும்ப தேறிரும். ஆரம்பத்துலயும் அப்படித்தான், முதல் தீனி சாணி மட்டும், நீல ஜுவாலை நின்னு எரிஞ்ச பிறகுதான் சோத்த கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும். நம்ம ஊர் வெக்கை இதுக்கு வரம், 30ல இருந்து 38 டிகிரி அதுகளுக்கு சுகம், ஐரோப்பாவுல இதே தொட்டிய சூடு பண்ணவே கேஸுல ஒரு பங்கு செலவாகுது, நமக்கு சூரியனே பாத்துக்கும்.

வெக்கை வரம்னா தண்ணியும் உப்பும் சாபம். சாணின்னா ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணி, சோறுன்னாலும் அதே மாதிரி. கேஸுக்காக குடிதண்ணி குடத்த ஊத்துறதுன்னா அத விட கேனத்தனம் கிடையாது. கழனித்தண்ணி போடுங்கன்னு ஈஸியா சொல்லிருவாங்க, ஆனா கழனித்தண்ணிய உங்க மாடு குடிக்குது, அதுகிட்ட இருந்து பிடுங்கி தொட்டிக்கு ஊத்துறதுல என்ன இருக்கு. நான் சொல்றது, கலன்ல இருந்து வெளிய வர்ற தண்ணியிலயே பாதிய திரும்ப கரைக்க எடுத்துக்கங்க, அதுல நுண்ணுயிரியும் இருக்கும், தண்ணியும் மிச்சம். சோப்புத் தண்ணி வேண்டாம். கடல் தண்ணி வேண்டவே வேண்டாம். போர் தண்ணி கொஞ்சம் உப்பு கரிச்சா பரவாயில்ல, ஆனா இன்னைக்கு ஊருணித் தண்ணி நாளைக்கு உப்பு போர்னு மாத்தி மாத்தி ஊத்தினா அதுகளால தாங்க முடியாது.

உப்புக்காத்து இன்னொரு எமன். அந்தக் காலத்துல கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு பரப்புன கலன்ல இரும்பு டிரம் மேல மிதக்கும், கேஸ் சேந்தா டிரம் எழும்பும், அமுக்கமும் ஒரே சீரா கிடைக்கும், அழகான ஏற்பாடு. உச்சிப்புளி பக்கம் சொந்தக்காரர் வீட்டுல நான் அத ஆசையா போட்டுக் குடுத்தேன், பெயின்ட் அடிச்சு அடிச்சு பாத்தும் மூணாவது வருஷம் டிரம் பொத்தல், வெளிய கடற்காத்து உள்ள சல்ஃபைடு, ரெண்டு பக்கமும் அரிச்சா இரும்பு என்ன பண்ணும். என் தப்புதான், இப்பவும் அந்த வீட்டுக்கு விசேஷத்துக்குப் போனா அத்தை அதத்தான் முதல்ல எடுப்பாங்க. 1984ல வந்த தீனபந்து மாடல்ல டிரம்மே இல்ல, செங்கல் கட்டடமா மண்ணுக்கடியில குவிமாடம், துரு பிரச்சினை இல்ல, ஆனா கொத்தனார் கை சுத்தமா இல்லைன்னா மயிரிழை வெடிப்பு விழும். நம்ம தீவுல மணல், கொஞ்சம் தோண்டினாலே ஊத்து தண்ணி, அதனால உங்களுக்கு ஃபைபர் தொட்டி மிதக்குற மூடியோட தரைக்கு மேல வைக்கிறதுதான் என் ஓட்டு. கச்சான் காத்து (மேக்க இருந்து வர்ற காத்து) அடிக்கிற பக்கம் சுவத்த மறைப்பா வச்சுக்கங்க. சிலிண்டர் அடுப்ப அப்படியே மாட்டினா எரியாது, அமுக்கம் கம்மி, ஜெட் ஓட்டைய பெருசாக்கணும்.

இப்ப மீன் கழிவு. எல்லாரும் நம்ம கடற்கரையில மீன் குடல் மலை மாதிரி கிடக்கு அதுல கேஸ் எடுத்தா ஊரே ஒளிரும்னு பேசுறாங்க. கேஸ் வரும், நிறையவே வரும், கொழுப்பும் புரதமும் இருக்குல்ல. ஆனா புரதம் உடையும்போது அமோனியா கூடும், அது மீத்தேன் கூட்டத்துக்கு விஷம், சல்ஃபைடும் கூடும், பர்னர் கறுத்துப் போகும், மூச்சுக்கும் கெடுதல். நண்டு ஓடு, செதில், முள்ளு எல்லாம் அடியில வண்டலா நிக்கும். பத்துல ஒரு பங்குக்கு மேல மீன் போடாதீங்க. போட்டாலும் கேஸ் குழாயில நடுவுல ஒரு டப்பாவுல துருப்பிடிச்ச இரும்புச் சீவல் வச்சு அது வழியா கேஸ விடுங்க, துரு அந்த சல்ஃபைட பிடிச்சுக்கும் (டிரம்ம தின்ன துரு இங்க உதவிக்கு வருது பாருங்க). மீதி மீன் கழிவுக்கு கேஸ விட நல்ல வழி இருக்கு, சமஎடை வெல்லத்தோட போட்டு மூடி 20 நாளுக்கு மேல விட்டா மீன் அமிலம், தோட்டக்காரங்க தெளிக்க வாங்கிக்குவாங்க.

நான் உங்களுக்கு முக்கியமா சொல்ல வந்தது இனிமேத்தான். சுற்றுச்சூழலுக்கு நல்லதான்னு கேட்டீங்கல்ல, அதுக்கு பதில் தொட்டிக்குள்ள இல்ல, தொட்டி வர்றதுக்கு முன்னாடி அந்தப் பொருள் எங்க போயிட்டிருந்துச்சுங்கறதுல இருக்கு. மிச்ச சோறு ஊருக்கு வெளிய குப்பை மேட்டுல, பிளாஸ்டிக்குக்கு அடியில காத்துப்படாம அழுகிக்கிட்டு இருந்துச்சா, அங்கயும் மீத்தேன்தான் வந்துகிட்டு இருக்கு, பிடிக்க ஆளில்லாம. 100 வருஷக் கணக்குல பாத்தா ஒரு கிலோ மீத்தேன் 27 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு சூடு பண்ணும், 20 வருஷக் கணக்குல பாத்தா 80 கிலோ அளவு. அதையே பிடிச்சு எரிச்சா 2.75 கிலோ கார்பன் டை ஆக்சைடு, அவ்வளவுதான். அப்போ குப்பைமேட்டுக்குப் போறத தொட்டிக்கு திருப்பினா ரெட்டை லாபம், அங்கிட்டு மீத்தேன் நிக்குது, இங்கிட்டு சிலிண்டர் மிச்சம்.

ஆனா நம்ம கரையில "கழிவு"ன்னு சொல்ற முக்காவாசிக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரன் இருக்கான். விசைப்படகுல வர்ற சங்காயம் (சாப்பாட்டுக்கு விலை போகாத பொடி மீன்) யாரும் கொட்டுறதில்ல, கோழித்தீவனத்துக்கு லாரி ஏறுது. ஹோட்டல் காய்கறித் தோல் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு போகுது. காவோலைய சாயல்குடி பக்கம் பதனீர் காய்ச்ச அடுப்புல வைக்கிறாங்க. இதையெல்லாம் புடுங்கி தொட்டியில போட்டா ஆட்டுக்காரம்மா தீவனம் வேற வாங்கணும், அது எங்கயோ விளையணும், லாரியில வரணும். அதனால உங்க 30 கிலோவுல ஆடு மாடு தின்னாதது எவ்வளவுன்னு பாருங்க, எண்ணெய்க் குழம்பு, எச்சில் இலையில மிஞ்சின பிரியாணிச் சோறு, டீத்தூள், அழுகினது, அதுதான் நெசமான கழிவு. 30ங்கறது 18 ஆகும், ஆகட்டும்.

முன்னாடி சொன்ன ஓட்டைக்கு வர்றேன். முழு 30 கிலோவும் போட்டா வர்ற 3 கன மீட்டர் கேஸால 1.3 கிலோ சிலிண்டர் கேஸ் மிச்சம், அது எரிஞ்சா 3.9 கிலோ கார்பன் டை ஆக்சைடு வந்துருக்கும். நல்லது. இப்ப தொட்டியில பத்துல ஒரு பங்கு கேஸ் கசியுதுன்னு வைங்க, அதுல இருக்குற மீத்தேன் 120 கிராம், 27ஆல பெருக்குங்க, 3.2 கிலோ. சிலிண்டர்ல மிச்சம் பிடிச்சதுல பெரும்பகுதிய கசிவே தின்னுருச்சு. குப்பைமேட்டுக் கழிவுன்னா அப்பவும் லாபக் கணக்குதான், ஆட்டுத் தீவனத்த போட்டிருந்தீங்கன்னா நஷ்டம். அதனால ஜாயின்ட்ல எல்லாம் சோப்பு நுரை தடவி குமிழி வருதான்னு மாசம் ஒரு தடவ பாருங்க, அடுப்பு எரிக்காத நாள்ல கேஸ் நிறைஞ்சு தன்னால வெளிய போக விடாதீங்க, சும்மாவாவது எரிச்சு விடுங்க. வெளிய வர்ற கரைசல்லயும் இன்னும் மீத்தேன் ஊறும், 40 நாளாவது உள்ள நிக்கிற மாதிரி தொட்டி இருந்தா அது குறையும். சின்னத் தொட்டிய வித்துட்டு பெரிய தொட்டி பேச்சு பேசுறவங்க இந்த இடத்துலதான் ஏமாத்துறாங்க.

கரைசல் பத்தி இன்னொண்ணு. தழைச்சத்து மணிச்சத்து எதுவும் கேஸோட போறதில்ல, எல்லாம் இந்தத் தண்ணியிலதான் இருக்கு. தீவுல நல்ல தண்ணிங்கறது உப்புத்தண்ணி மேல மணல்ல ஒரு ஆடை மாதிரி மிதக்குது, குழி வெட்டி கரைசல விட்டீங்கன்னா பக்கத்து கிணத்துக்குத்தான் போகும். கடல்ல விடுறது அத விட மோசம். 2019ல பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையா மாறி மீன் செத்து ஒதுங்குச்சே, பூங்கோரைன்னு நம்ம ஆளுங்க சொன்னாங்க, பவளப்பாறையும் அடிவாங்குச்சு. அந்த மாதிரி பாசிப் பெருக்கத்துக்கு பல காரணம் இருக்கு, கரையில இருந்து போற சத்து நிறைஞ்ச கழிவுத்தண்ணி அதுக்கு தீனி போடுற வகைதான். தங்கச்சிமடத்துல உங்களுக்கு கவலையே இல்ல, மல்லிகை நாத்து போடுறவங்க நிறைய பேர், ஒரு பங்குக்கு அஞ்சாறு பங்கு தண்ணி கலந்து ஊத்தச் சொல்லுங்க. அவங்களே வந்து கேன்ல பிடிச்சுட்டுப் போவாங்க.

கடல்பாசி. மண்டபம் பாம்பன் பக்கம் மூங்கில் மிதவையில கட்டி வளக்குற கப்பாஃபைகஸ், அப்புறம் பெண்கள் முங்கி எடுக்குற மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை, இதுல சாராயமும் எடுக்கலாம் மீத்தேனும் எடுக்கலாம், விஞ்ஞானம் சரிதான். ஆனா அந்தப் பாசிகளுக்குள்ள இருக்குற கராஜீனன், அகார், ஆல்ஜினேட்டுங்கற கெட்டியாக்குற பசையெல்லாம் ஐஸ்கிரீமுக்கும் மருந்துக்கும் போற சரக்கு, அத அடுப்புல வைக்கிறது பட்டுப்புடவைய கிழிச்சு கரித்துணி ஆக்குற கதை. உப்பும் கந்தகமும் வேற. சரி கரை ஒதுங்கின தாழையாச்சும் (கடல்ல வளர்ற புல்லு) அள்ளலாமேன்னா, கரையில காய்ஞ்சு கிடக்குற தாழை மணல் அரிப்ப கொஞ்சம் தடுக்குது, நண்டுக்கும் கரைப்பறவைக்கும் சோறு அதுலதான். கோயில் பக்கம், ஜனங்க குளிக்கிற எடத்துல நாத்தம் எடுக்குதுன்னா அள்ளுங்க, மத்த எடத்துல விட்டுருங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவும் தேசியப் பூங்கா, அங்கிட்டு கைவைக்கவே முடியாது.

காய்ஞ்ச கட்டை விஷயம் வேற ஜாதி. கருவேலங்கட்டை, தேங்காய் மட்டை, காவோலை எதுவும் தொட்டியில செரிக்காது, லிக்னின்னு ஒண்ணு இருக்கு, அத காத்தில்லாத தொட்டியில உடைக்க நம்ம நுண்ணுயிரியால ஆகாது. அதெல்லாம் எரிக்கணும், இல்ல கரியாக்கணும். நம்ம மாவட்டத்துக்கு கருவேலங்கரி பெரிய பிழைப்பு, முதுகுளத்தூர், கமுதி, கடலாடின்னு மூட்டம் (கட்டைய அடுக்கி மண்ணால மூடி கரியாக்குறது) போடாத ஊர் கம்மி. வெட்டினா மறுபடி துளிர்க்குது, அதனால கார்பன் கணக்கு மோசமில்ல. ஆனா மண்மூட்டத்துல ஒரு கிலோ கரிக்கு அஞ்சு கிலோ வரைக்கும் கட்டை போகுது, மீதி எங்க? புகையாத்தான் போகுது, அந்தப் புகையில கார்பன் மோனாக்சைடும் மீத்தேனும் இருக்கு, ராத்திரி பகலா காவல் இருக்குறவங்க நெஞ்சுக்குள்ளதான் அது முதல்ல போகுது. புகைய திருப்பி அதே சூளையில எரிக்கிற இரும்புச் சூளை இருக்கு, கரியும் கூட வரும், விலைதான் மூட்டம் போடுற ஆளால முடியாது. சர்க்கார் காசு போகணும்னா இதுக்குப் போகணும்னு நான் நினைப்பேன், ஆயிரம் வீட்டுக்கு கேஸ் தொட்டி குடுத்து அதுல பாதி கோழிக்கூண்டா மாறுறத விட.

பழைய எண்ணெய் வடை சட்டியில இருந்து வர்றது. தொட்டியில ஒரு கரண்டி விழுந்தா நல்லது, ஒரு டின் விழுந்தா மேல ஆடை கட்டி கேஸ் அடைச்சிரும். மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் போட்டு கிளறினா பயோடீசலும் அடியில கிளிசரினும் பிரியும், வேதியியல் சுலபம்தான், ஆனா மெத்தனால் கண்ணையும் பறிக்கும் தீயும் பிடிக்கும், ஹோட்டல் அடுப்படியில அந்த விளையாட்டு வேண்டாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல இருந்தே பழைய எண்ணெய பயோடீசலுக்கு சேகரிக்க ஒரு திட்டம் வச்சிருக்கு, வாங்குற ஆளுக்கு சேத்து வச்சு குடுங்க, ரோட்டுக்கடைக்கு மட்டும் வித்துராதீங்க, அது திரும்ப ஜனங்க வயித்துக்குத்தான் போகும். தொண்டியில எனக்கு பழக்கமான ஒருத்தர் வடிகட்டின எண்ணெயவே வல்லத்து இன்ஜின்ல டீசலோட கலந்து ஓட்டினாரு, ரெண்டு வாரம் வெங்காய பஜ்ஜி வாசத்தோட போச்சாம், மூணாவது வாரம் நடுக்கடல்ல நின்னு இன்னொரு வல்லம் கட்டி இழுத்துட்டு வந்துச்சு. இன்ஜெக்டர்ல பிசின்.

பெருசா பண்றதுக்கு உதாரணம் கேட்டா இந்தூர், 2022ல திறந்தது, நாளைக்கு 550 டன் ஈரக்கழிவு, 17 டன் வண்டிக்கு ஊத்துற கேஸ். அது ஓடுறதுக்கு மெஷின் பாதி காரணம்னா வீட்டு வாசல்லயே ஜனங்க பிரிச்சுக் குடுக்குறது மீதி காரணம். ராமேஸ்வரத்துல யாத்திரைக்கு வர்ற கூட்டம் சாப்பாட்டையும் தண்ணி பாட்டிலையும் தெர்மாகோல் தட்டையும் ஒண்ணா சுருட்டிப் போடுற வரைக்கும் எந்த மெஷினும் ஒரு மாசம் தாங்காது.

ஒரே ஒரு எச்சரிக்கை, இத வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க. தொட்டி அடைச்சுக்கிச்சுன்னு யாரும் உள்ள இறங்கக்கூடாது, தலைய விட்டுப் பாக்கக்கூடாது, தீக்குச்சி கிழிச்சு எட்டிப் பாக்கவே கூடாது. உள்ள மூச்சுக்கு காத்து இருக்காது, விழுந்தவன தூக்கப் போறவனும் விழுவான்.

இப்ப உங்க வேலை. கலன் ஆர்டர் குடுக்காதீங்க. ரெண்டு பக்கெட் வைங்க, ஒண்ணுல ஆடு மாடு தின்னுறது, இன்னொண்ணுல யாருக்கும் ஆகாதது. கடைத் தராசுல தினம் எடை போட்டு ஒரு வாரம் எழுதுங்க, ஞாயித்துக்கிழமை கூட்டமும் அதுல வரணும். ரெண்டாவது பக்கெட் கணக்கையும் சாணி எத்தனை கூடைங்கறதையும் எனக்கு சொல்லுங்க, நாளைக்கு போடுற தீனியும் தண்ணியும் சேத்து 40ஆல பெருக்கினா எத்தனை லிட்டர் தொட்டின்னு வந்துரும், அந்த வழியா வரும்போது எடத்தையும் பாத்துட்டுப் போறேன்.